வால்வைக் கழட்டச் சொல்லாதே, பாப்பா

நானுஓயா
பொங்கல் கழிந்த புதன்கிழமை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தை அறிய ஆவல். இந்தக் கடிதத்தைத் தம்பி பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புவான். போனில் பேசினால் நீ பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய். எழுத்தில் இருந்தால் காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு திரும்பத் திரும்ப வாசிக்கலாம்.

முதல் விஷயம். உன் கார் ஹீட்டரில் சூடு வரவில்லை என்று நீ சொன்னதற்கு ஞாயிற்றுக்கிழமை நான் போனில் சொன்ன வைத்தியத்தைச் செய்யாதே. "அந்தத் தெர்மோஸ்டாட் வால்வைக் கழட்டி வீசச் சொல்லு, எல்லாம் சரியாயிடும்" என்று பெரிய மெக்கானிக் மாதிரி சொன்னேன் அல்லவா? நீ போனை வைத்த பிறகு அம்மா கேட்டாள்: "இங்க வண்டி கொதிக்கக் கூடாதுன்னுதானே அதைக் கழட்டுறீங்க? அவ வண்டி சூடே ஆகலன்னுதானே அழுவுறா?" எனக்குத் தேத்தண்ணி தொண்டையில் நின்றுவிட்டது. முப்பது வருஷம் கொழுந்து எடுத்தவள், ஒரு நாள் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. அவள் கேட்டதுதான் சரி. அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. அவசரப்பட்டு நீ யாரிடமாவது சொல்லிக் கழட்டியிருந்தால் உடனே தம்பிக்கு ஒரு வரி அனுப்பு.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், கை பழக்கம். தோட்டத்து பெட்போர்ட் லொறியில் தேயிலை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய்த் திரும்பிவந்த காலத்தில், ரம்பொடை ஏற்றம்தான் எங்களுக்குச் சோதனை. வளைவுக்கு மேல் வளைவு, இரண்டாம் கியரில் ஊர்ந்தால் ரேடியேட்டர் கொதித்துவிடும். மலையிலிருந்து பீலித் தண்ணீர் விழும் இடத்தில் எல்லாம் ஒரு லொறி பொனட்டைத் திறந்துகொண்டு நிற்கும். நம் உயரத்தில் தண்ணீர் நூறு பாகை செல்சியஸ் வரை பொறுக்காது, 94, 95 பாகையிலேயே கொதிக்கும். பழைய மூடி அழுத்தத்தையும் பிடிக்காது. ஆகவே கராஜ் பாஸ்மார், அதாவது மெக்கானிக்மார், எல்லோருக்கும் தெரிந்த ஒரே வைத்தியம், வால்வைக் கழட்டிவிடுவது. வால்வு மூடும் வழி எப்போதும் திறந்தே கிடந்தால் தண்ணீர் ஓயாமல் ரேடியேட்டருக்குப் போய்க் குளிர்ந்து வரும். நானும் நம் டொல்பின் வேனில் அதைத்தான் செய்தேன். எஞ்சின் சரியாகச் சூடாகாமல் ஓடினால் டீசல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் கூடும் என்று தெரிந்தும், நடுவழியில் கொதிப்பதைவிட அது மேல் என்று இருந்துவிட்டோம். என் இடது முழங்கையில் இருக்கும் தழும்பை நீ சின்ன வயதில் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாய். அது சூடான மூடியைத் திறந்ததில் வந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இங்கே அந்த வைத்தியம் நடக்கும். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் 5 பாகைக்குக் கீழே இறங்கினாலே நாங்கள் கம்பளியைத் தலைவரை இழுத்துக்கொள்கிறோம். போன வாரம் அக்கரப்பத்தனைப் பக்கம் பனி விழுந்து கொழுந்து கருகிவிட்டதாம். கந்தப்பளையில் உருளைக்கிழங்குச் செடியும் வெந்த கீரை மாதிரி தொங்குகிறதாம். ஆனால் வெயில் வந்ததும் ஒன்பது மணிக்கு எல்லாம் சரி. கனடாவில் உன் வின்னிபெக்கில் மைனஸ் 20. ஒன்பது மணிக்கும் மைனஸ் 20. இரண்டு ஊருக்கும் ஒரே வைத்தியம் சொன்னது என் தப்பு.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

கார் ஹீட்டர் என்பது கரண்டில் எரியும் அடுப்பு இல்லை. பெற்றோல் காரில் அதற்கென்று தனி நெருப்பு கிடையாது. நம் ஸ்டோரில், அந்தத் தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் நீளத் தொட்டியை ஞாபகம் வைத்துக்கொள். கீழே பெரிய விசிறி காற்றைத் தள்ளும். அந்தக் காற்றில் எவ்வளவு சூட்டுக் காற்று, எவ்வளவு வெளிக் காற்று என்று கதவைத் திறந்து மூடிக் கலப்பார்கள். மழை நாளில் சூட்டுக் காற்று கூட வேண்டும், வெயில் நாளில் அது தேவையே இல்லை. பெரியப்பா அந்தக் கதவுக்குப் பக்கத்தில் நின்று, கையை நீட்டிக் காற்றைத் தடவியே சூட்டைச் சொல்வார். ஒவ்வொரு வருஷமும் இயந்திரங்களைக் காக்கும் ரோதைமுனிக்குப் பூசை வைக்கும்போது விசிறிக்கும் பொட்டு வைப்பார்.

உன் காரிலும் அதே ஏற்பாடுதான். டாஷ்போர்டுக்குப் பின்னால் புத்தகம் அளவுக்கு ஒரு சின்ன ரேடியேட்டர் இருக்கிறது, அதுதான் ஹீட்டர் கோர். எஞ்சினில் சூடான கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்க் கலவை, ஒரு ஹோஸ் வழியாக அதற்குள் போய், மற்ற ஹோஸ் வழியாக எஞ்சினுக்குத் திரும்பும். புளோவர் விசிறி அதன்மேல் காற்றை ஊதும். நீ திருப்பும் சூடு, குளிர் குமிழ் பல கார்களில் உள்ளே இருக்கும் ஒரு கதவைத்தான் நகர்த்துகிறது. ஆக, கூலன்ட் சூடாக வேண்டும், அது கோருக்குள் ஓட வேண்டும், கதவு திறக்க வேண்டும், காற்று ஊத வேண்டும். இந்த நாலில் எது கெட்டது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. அதற்கு முன் எந்தச் சாமானையும் மாற்றக் காசு கொடுக்காதே.

அந்த கராஜில் டாஷ்போர்டை முழுக்கப் பிரித்து ஹீட்டர் கோர் மாற்ற வேண்டும், ஆயிரத்துச் சொச்சம் டொலர் ஆகும் என்றார்கள் என்றாய். அவர்கள் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம், நான் பார்க்காமல் குறை சொல்லவில்லை. ஆனால் உன்னிடம் ஒன்று கேட்டேன், ஞாபகமா? "அவங்க ஹோஸைத் தொட்டுப் பார்த்தாங்களா?" தெரியாது என்றாய். ஹோஸைத் தொடாமல் கோரைக் குறை சொல்கிறவன், நாடி பார்க்காமல் மருந்து எழுதுகிற டொக்டர் மாதிரி.

நீ சொன்னதை வைத்து நான் யோசித்தது இது. விசிறி பலமாக ஊதுகிறது, ஆனால் காற்று வாயால் ஊதியது மாதிரி வெதுவெதுப்புத்தான் என்றாய். ஊருக்குள் சிக்னலில் நின்று நின்று போனால் கொஞ்சம் பரவாயில்லை, பெரிய ரோட்டில் வேகமாக ஓட்டினால் இன்னும் குளிர்கிறது என்றாய். டெம்பரேச்சர் முள் பாதிக்கு வருவதே இல்லை என்றாய். நான் ஒழுங்காகக் காது கொடுத்துக் கேட்டிருந்தால் அங்கேயே பிடித்திருக்கலாம். வேகமாகப் போனால் குளிர்கிறது, முள்ளும் ஏறவில்லை என்றால் முதல் சந்தேகம் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டது. அதாவது உன் கார் ஏற்கெனவே வால்வு கழட்டின எங்கள் லொறி மாதிரித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் போய்க் கழட்டச் சொன்னேன் பார்.

அந்த வால்வுக்குள் மெழுகு அடைத்த ஒரு சின்னக் குப்பி இருக்கும். எஞ்சின் குளிராக இருக்கும்போது அது ரேடியேட்டர் பக்கத்து வழியை மூடி வைத்திருக்கும். அப்போது கூலன்ட் எஞ்சினுக்குள்ளும் ஹீட்டர் கோருக்குள்ளும் மட்டும் சுற்றும், அதனால் சீக்கிரம் சூடாகும். வண்டிக்கு வண்டி மாறினாலும் பெரும்பாலும் 82இலிருந்து 90 பாகைக்குள் மெழுகு உருகி, விரிந்து, கதவைத் தள்ளித் திறக்கும். அது மூடாமல் நின்றுவிட்டால் எஞ்சின் கொடுக்கும் சூட்டை எல்லாம் முன்னால் இருக்கும் ரேடியேட்டர் மைனஸ் 20 காற்றுக்கு வாரிக் கொடுத்துவிடும். உனக்கு மிச்சம் வருவது அந்த வெதுவெதுப்புத்தான். எஞ்சின் லைட் எரிந்தால் கார் காட்டும் பிழை எண்ணை, அதாவது கோடை, பார்க்கச் சொல். பி 0128 என்று வந்தால், கூலன்ட் சூடு வர வேண்டிய அளவுக்கு வரவில்லை என்று கார் கம்பியூட்டரே சொல்கிறது என்று அர்த்தம்.

இதை நீயே பார்க்கலாம். இரவு முழுக்க நின்ற கார், எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். பொனட்டைத் திற. ரேடியேட்டரின் மேல் பக்கத்திலிருந்து எஞ்சினுக்குப் போகும் தடித்த ரப்பர் ஹோஸ் ஒன்று இருக்கும், உன் மணிக்கட்டு அளவு தடிப்பு. அநேக கார்களில் அதுதான் எஞ்சினிலிருந்து சூடு வந்து சேரும் ஹோஸ். இனி எஞ்சினை ஸ்டார்ட் செய். இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை அந்த ஹோஸைத் தொடு. வால்வு நல்லது என்றால் எஞ்சின் சூடாகும் வரை ஹோஸ் பச்சைத் தண்ணீராகவே இருக்கும், பிறகு ஒரு நேரத்தில் சடக்கென்று சூடாகும். அந்தக் குளிரில் இதற்கு நெடுநேரம் ஆகலாம், அவசரப்படாதே. வால்வு திறந்தே கிடந்தால் தொடக்கத்திலிருந்தே ஹோஸும் எஞ்சினோடு சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பாகும். வித்தியாசம் கைக்கே தெரியும். கையுறையைக் கழட்டிவிட்டுத்தான் தொட வேண்டும், என்ன செய்வது.

கவனம். கழுத்தில் சுற்றியிருக்கும் சால்வையைக் கழட்டிக் காருக்குள் வை, முடியைக் கட்டிக்கொள். பெல்ட் சுற்றிக்கொண்டிருக்கும். ரேடியேட்டர் விசிறி நிற்கிறதே என்று கையை விடாதே, அது சூடு கூடினால் சொல்லாமல் கொள்ளாமல் சுற்ற ஆரம்பிக்கும்.

அப்புறம் ஹீட்டருக்குப் போகும் இரண்டு மெல்லிய ஹோஸ். எஞ்சினுக்குப் பின்னால், கண்ணாடிக்குக் கீழே இருக்கும் தகட்டுச் சுவருக்குள் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நுழையும். இருபது நிமிஷம் ஓட்டிவிட்டு வந்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, எஞ்சின் ஓடும்போதே இரண்டையும் பார். கெட்டியாகப் பிடிக்காதே, சுட்டுவிடும், விரல் நுனியால் தட்டிப் பார். பொனட்டைத் திறந்துவைத்துவிட்டு வாட்ஸ்அப் பார்த்துக்கொண்டு நின்றால் அந்தக் குளிரில் எல்லாமே ஆறிவிடும், ஆகவே உடனே தொடு.

இரண்டும் வெதுவெதுப்பு என்றால் எஞ்சினிலிருந்தே சூடு வரவில்லை. தெர்மோஸ்டாட், அல்லது கூலன்ட் குறைவு. இரண்டும் நல்ல சூடு, உள்ளே காற்று மட்டும் குளிர் என்றால் கோரில் பிழை இல்லை, கதவு சிக்கியிருக்கிறது. அதைத் திருப்பும் சின்ன மோட்டர் செத்தால் டாஷ்போர்டுக்குள் டிக், டிக், டிக் என்று பல்லி கத்துவது மாதிரி சத்தம் வரும். ஒன்று சூடு, மற்றது குளிர் என்றால் மட்டும்தான் கோர் அடைத்திருக்கிறது என்று நான் நம்புவேன். சில வண்டிகளில் அந்த ஹோஸில் ஒரு வால்வு உண்டு, அது மூடிக் கிடந்தாலும் இப்படித்தான் இருக்கும். அதையும் பார்க்கச் சொல்.

இன்னொன்று. நீ வாங்கியது பழைய கார். முன்னால் வைத்திருந்தவன் ஹீட்டர் கோர் ஒழுகுகிறது என்று இரண்டு ஹோஸையும் பிடுங்கி ஒன்றோடு ஒன்று கோத்துவிட்டிருக்கலாம். அந்த ஊரில் அப்படிச் செய்ய எவனுக்கும் மனம் வராது என்று நினைக்கிறேன், இருந்தாலும் பார். நம் வேனில் நான் செய்தது அதுதான். இங்கே ஹீட்டர் யாருக்கு வேண்டும் என்று நினைத்தேன். 2022இல் தலவாக்கலையில் டீசல் கியூவில் கிடந்தபோது நீ ராத்திரி ரொட்டியும் கட்டச் சம்பலும் கொண்டுவந்து, "ஹீட்டர் இருந்தா போட்டுக்கிட்டு உக்காரலாமேப்பா" என்றாய். எஞ்சின் ஓடினால்தான் அது வேலை செய்யும், டீசலுக்காக நிற்கிறவன் எஞ்சினை ஓட்டுவானா என்று சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அடுத்த வருஷம் போய்விட்டாய்.

கோர் அடைப்பு என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் உடனே மாற்ற வேண்டியதில்லை. இரண்டு ஹோஸையும் கழட்டி, தண்ணீரைத் திரும்புகிற பக்கத்திலிருந்து எதிர்த் திசையில் விட்டுக் கழுவச் சொல். மெதுவாக விட வேண்டும், பலமாக அடித்தால் மெல்லிய குழாய் வெடித்துக் கார்ப்பெட் நனையும், அப்போது நிஜமாகவே டாஷ்போர்டைப் பிரிக்க வேண்டி வரும். எங்கள் லொறியில் முதலில் வந்தது சாயத் தேத்தண்ணி நிறம், வாளி வாளியாக. பீலித் தண்ணீரை வருஷக்கணக்கில் ஊற்றினால் துருதானே வரும். தெளிந்த தண்ணீர் வரும் வரை விட வேண்டும். ஆனால் இதை நீ வெளியில் நின்று செய்யாதே. கழுவிய தண்ணீர் உள்ளே மிஞ்சினால் கூலன்ட் நீர்த்துப்போய் ராத்திரியில் உறைந்துவிடும். சூடான கராஜுக்குள் செய்து, கலவை அளவைப் பார்த்து நிரப்புகிறவர்களிடம் கொடு.

கலவை என்றதும் ஞாபகம் வந்தது. கூலன்ட் பாதி, காய்ச்சி வடித்த தண்ணீர் பாதி என்றால் மைனஸ் 37 பாகை வரை உறையாது. உங்கள் ஊருக்கு அதைவிடக் கொஞ்சம் கூடப் போடுவார்களாக இருக்கும், ஆனால் வெறும் கூலன்ட்டை மட்டும் ஊற்றினால் இன்னும் நல்லது என்று நினைத்துவிடாதே. தண்ணீர் கலக்காத எதிலீன் கிளைகோல் மைனஸ் 12, 13லேயே உறைந்துவிடும். எனக்கே இது முதலில் நம்ப முடியாமல் இருந்தது, போத்தலைத் திருப்பித் திருப்பி வாசித்தேன். நிறத்தை வைத்தும் வாங்காதே. பச்சை, செம்மஞ்சள், இளஞ்சிவப்பு என்று கம்பனிக்கு ஒரு நிறம், ஒரே நிறத்தில் வேறு வேறு சரக்கும் உண்டு. கார் புத்தகத்தில் சொன்ன வகையை மட்டும் வாங்கு. ஒத்துவராததைக் கலந்தால் உள்ளே கூழ் கட்டிக் கோரை அடைக்கும். ஒழுகலை அடைக்கும் பவுடர், திரவம் என்று விற்பதும் அப்படித்தான், ஓட்டையோடு கோரையும் அடைத்துவிடும். கூலன்ட் இனிப்பாக இருக்கும், நஞ்சு. கீழே சிந்தினால் துடைத்துவிடு, பக்கத்து வீட்டு நாய் நக்கிவிடும்.

கூலன்ட் மட்டம் பார்ப்பது ஒரு நிமிஷ வேலை. வெள்ளைப் பிளாஸ்டிக் தொட்டியில் இரண்டு கோடு இருக்கும், நடுவில் நின்றால் சரி. எஞ்சின் குளிர்ந்தபோதுதான் பார்க்க வேண்டும், குளிர்ந்தபோதுதான் திறக்க வேண்டும். அப்பாவின் முழங்கையை நினைத்துக்கொள். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் உள்ளே நூறு பாகை தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. திறந்த நொடியில் எல்லாம் ஒரேயடியாகக் கொதித்து மேலே பாயும்.

மட்டம் குறைந்திருந்தால் ஹீட்டர் கோர்தான் முதலில் காய்ந்துபோகும். பல வண்டிகளில் அது உயரத்தில் இருப்பதால் காற்று போய் அங்கே தங்கிக்கொள்ளும். அப்போது குணம் வேறு மாதிரி இருக்கும்: நிற்கும்போது குளிர், எக்ஸிலேட்டரை மிதித்தால் சூடு, டாஷ்போர்டுக்குள் ஓடைச் சத்தம். உனக்கு இருப்பது இதற்கு நேர் மாறு. ஆனாலும் பார்த்துவிடு. குறைந்துகொண்டே இருந்தால் எங்கே போகிறது என்று தேட வேண்டும். பக்கத்து சீட்டின் கால் பக்கம் கார்ப்பெட் ஈரம், கண்ணாடியில் எண்ணெய்ப் பசை மாதிரி மங்கல், இனிப்பு வாசம் என்றால் கோர் ஒழுகுகிறது. எங்குமே ஒழுகாமல் குறைந்து, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் ஹெட் கேஸ்கெட், அதாவது எஞ்சின் தலைக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு, போயிருக்கும். அது பெரிய செலவு, இப்போதைக்கு நினைக்க வேண்டாம்.

கூலன்ட் மாற்றினால் காற்றை வெளியேற்ற வேண்டும். வண்டியின் மூக்கை மேட்டில் வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் விட்டு, குமிழி வந்து முடியும் வரை எஞ்சினை ஓட்டுவோம். எனக்கு இதில் ஒரு சிரிப்பு. இங்கே வண்டியை எங்கே நிறுத்தினாலும் மேடுதான், சக்கரத்துக்குக் கல் வைக்காமல் இறங்க முடியாது. நீ போய்ச் சேர்ந்திருப்பது கேரம் போர்ட் மாதிரித் தட்டையான ஊர். முன் சக்கரத்தைச் சாய்வுப் பலகையில் ஏற்றச் சொல்.

விசிறிக் காற்றே வரவில்லை என்றால் அது வேறு கதை. டாஷ்போர்டில் சாமான் வைக்கும் கைப்பெட்டிக்குப் பின்னால் இருக்கும் காற்று பில்டரை உருவிப் பார், இலையும் தூசியும் எலிப் பஞ்சும் அடைத்திருக்கும். விசிறி பெரிய வேகத்தில் மட்டும் சுற்றி, சின்ன வேகத்தில் சுற்றாவிட்டால் வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் போயிருக்கும். இரண்டும் சின்ன வேலை. உனக்குக் காற்று வருகிறது என்பதால் இதோடு விடுகிறேன்.

கண்ணாடி மங்குவதைப் பற்றிக் கேட்டாய். உள் காற்றையே சுற்றவிடும் பொத்தானை நீ எப்போதும் அமுக்கி வைத்திருக்கிறாய் என்று நினைக்கிறேன். சீக்கிரம் சூடாகத் தொடக்கத்தில் கொஞ்ச நேரம் அது நல்லது. அப்படியே விட்டால் நீ விடும் மூச்சே கண்ணாடியில் படியும். கண்ணாடிக்கு ஊதும்போது வெளிக் காற்றை எடுத்து, ஏசியையும் போடு. குளிரில் ஏசியா என்று சிரிக்காதே, அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். கடும் குளிரில் சில கார்களில் ஏசி தானாக நின்றுவிடும், அப்போது வெளிக் காற்றும் சூடும்தான் துணை. பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு ஏறு, அது உருகினால் அதுவும் கண்ணாடிக்குத்தான் போகும்.

காலையில் அரை மணி நேரம் எஞ்சினைச் சும்மா ஓடவிடுகிறாயாம், தம்பி சொன்னான். சும்மா நிற்கும் எஞ்சின் மெதுவாகத்தான் சூடாகும். கண்ணாடிப் பனியைச் சுரண்டி முடிக்கும் நேரம் ஓடினால் போதும், அப்புறம் மெதுவாக ஓட்டிக்கொண்டு போ, ஓட்டத்தில்தான் சூடு ஏறும். முன்பக்கம் கிரில்லில் ஒரு பிளக் தொங்குகிறது, எதற்கென்று தெரியவில்லை என்றாயே, அதுதான் எஞ்சின் பிளாக்கைச் சூடாக்கும் ஹீட்டர். அது கரண்டில் வேலை செய்வது. அங்கே எல்லோரும் இரவில் சொருகி வைப்பார்களாம், நீ மட்டும் அதைத் தொங்கவிட்டுக்கொண்டு போய் வந்திருக்கிறாய்! இரவு முழுக்க வேண்டாம், கிளம்புவதற்கு மூன்று, நாலு மணி நேரத்துக்கு முன் போட்டால் போதும். வயர் வெடித்திருக்கிறதா என்று முதலில் பார்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நான் சொல்வதை மறுபேச்சு இல்லாமல் கேள். பனி கொட்டிய பிறகு ஸ்டார்ட் செய்வதற்கு முன் பின்னால் போய் சைலன்சர் வாயைப் பார். பனி அடைத்திருந்தால் காலால் தள்ளிவிடு. அடைத்த சைலன்சரின் புகை காருக்குள் வரும். அந்தக் காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, தூக்கம் வருவது மாதிரி இருக்கும், அவ்வளவுதான். வீட்டுக் கராஜுக்குள்ளும் எஞ்சினை ஓடவிடாதே, கதவு திறந்திருந்தாலும் வேண்டாம்.

தெர்மோஸ்டாட்தான் என்று முடிவானால் பயப்படாதே. அநேக கார்களில் அது சின்னச் சாமான், கோர் மாற்றும் செலவில் ஒரு மூலைக்கும் வராது. கார் புத்தகத்தில் சொன்ன பாகைக்கு உரியதையே போடச் சொல், கேஸ்கெட்டும் புதிதாகப் போட வேண்டும். கூடச் சூடு வரட்டும் என்று அதிக பாகை வால்வு போட எவனாவது சொன்னால் கேட்காதே. அது கிடைக்கும் வரை ரேடியேட்டருக்கு முன்னால் காட்போட் மட்டையைப் பாதிக்கு வைத்துச் சமாளிக்கலாம், காற்று குறைவாகப் படும். ஆனால் ஒரு கண் முள்ளில் இருக்க வேண்டும், பாதியைத் தாண்டினால் நிறுத்தி மட்டையை எடுத்துவிடு.

இதை எல்லாம் உட்கார்ந்தபடி எழுதவில்லை. திங்கட்கிழமை பரணில் இருந்த பால்மா டின்னைக் கவிழ்த்தேன், வேனில் கழட்டிய பழைய வால்வு அதில் கிடந்தது. நான் எதையும் வீசுவதில்லை என்று அம்மா திட்டுவாளே, அன்று திட்டவில்லை. அதை நூலில் கட்டிச் சட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு அடுப்பில் வைத்தேன், சட்டியின் அடியில் படக் கூடாது. "சோறு வைக்கிற சட்டியா இது?" என்று அம்மா பக்கத்தில் வந்து நின்றாள். ஆவி வந்தது, ஒன்றும் நடக்கவில்லை. நான் துரு பிடித்துப் போயிருக்கும் என்று நினைத்தேன். தண்ணீர் கொதிக்கப் போகும் நேரம் கதவு மெல்ல விலக ஆரம்பித்தது, பாப்பா. வெளியே எடுத்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் தானாக மூடிக்கொண்டது. மறுபடி போட்டேன், மறுபடி திறந்தது. கெடாத சாமானைக் கழட்டி டின்னில் போட்டிருக்கிறேன். ரேடியேட்டர் அடைப்பை எடுக்காமல் இதைப் பிடித்துக் குறை சொல்லியிருக்கிறேன். தம்பி வீடியோ எடுத்தான், அனுப்புவான்.

சனிக்கிழமை உனக்கு வேலை இல்லைதானே. அன்று காலை மேல் ஹோஸையும், ஓட்டிவிட்டு வந்து இரண்டு சின்ன ஹோஸையும் தொட்டுவிட்டு எடு போனை. உங்கள் சாயங்காலம் ஆறரைக்கு எடுத்தால் இங்கே ஞாயிறு காலை ஆறு மணி, நான் அடுப்படியில் இருப்பேன். எந்தக் கராஜிலும் காசு கட்டுவதற்கு முன் எனக்குச் சொல்லிவிட்டுக் கட்டு.

இங்கே ஒரு வேலை சேர்ந்துவிட்டது. கராஜ் பாஸிடம் ரேடியேட்டரைக் கழுவக் கொடுத்திருக்கிறேன். வேனுக்குப் புது வால்வு போட்டு, நான் கோத்துவிட்ட அந்த இரண்டு ஹோஸையும் பிரித்து, கோர் ஒழுகும் இடத்தை ஈயம் வைத்து ஒட்ட முடியுமா என்று பார்க்கப் போகிறோம். அம்மாவின் உத்தரவு. ஹீட்டர் காற்று எப்படி இருக்கும் என்று அவள் முன் சீட்டில் உட்கார்ந்து, காலை நீட்டிப் பார்க்க வேண்டுமாம்.

அப்பா